திரையில் தெரியும் படம் ஏன் சேவ் ஆக மறுக்கிறது? சிக்கல் எங்கே, தீர்வு என்ன?

இரவு 9 மணி. ஃப்ளெக்ஸ் கடை வாசலில் ஒருவர் பதற்றத்தோடு நிற்கிறார். அன்று மதியம் அவருடைய பெரியப்பா காலமாகிவிட்டார். விடிவதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தாக வேண்டும். வீட்டில் இருப்பதெல்லாம் கல்யாணக் கூட்டத்தில் எடுத்த படங்கள். ஒன்றிலும் அவர் முகம் முழுசாக இல்லை. பெரியப்பா தனியாக, சிரித்த முகமாக இருக்கும் ஒரே படம், அவர் ஆசிரியராக இருந்த பள்ளியின் இணையதளத்தில் இருக்கிறது.

கடை கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து ரைட் கிளிக் செய்தால் ஒன்றுமே வரவில்லை. போனில் அழுத்திப் பிடித்து, ஒருவழியாக டவுன்லோடு செய்து, மெயிலில் அனுப்புகிறார். கடைக்காரர் உதட்டைப் பிதுக்குகிறார். "அண்ணே, இது நம்ம போட்டோஷாப்ல ஓப்பனே ஆகல. வேற படம் ஏதும் இருக்கா?"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் மறுநாள் வகுப்புக்குப் படம் தேடும் ஆசிரியர், ப்ராஜெக்ட் முடிக்கும் கல்லூரி மாணவி, மகளின் ஆண்டுவிழாப் படத்தை எடுத்துவைக்க நினைக்கும் அம்மா என்று பலரும் இதே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற படம் கைக்கு வர மறுப்பது ஏன்? பெரும்பாலும் தப்பு அவர்கள் மீது இல்லை, கம்ப்யூட்டர் மீதும் இல்லை. இணையப் பக்கங்கள் படங்களைக் காட்டும் விதமே மாறிவிட்டது.

முதலில் ஒரு அடிப்படை விஷயம்

ஒரு படம் திரையில் தெரிகிறது என்றாலே, அது ஏற்கெனவே உங்கள் போனுக்கோ கம்ப்யூட்டருக்கோ வந்துவிட்டது என்று பொருள். பிரவுசர் அதை சர்வரிலிருந்து வாங்கி, தற்காலிகமாக வைத்துக்கொண்டுதான் காட்டுகிறது. ‘சேவ்’ என்பது அந்தப் படத்தை நீங்கள் கேட்கும் இடத்தில் நிரந்தரமாக வைக்கச் சொல்வது மட்டுமே.

அப்படியிருந்தும் சிக்கல் வருவதற்கு ஐந்து காரணங்கள் உண்டு. பக்கம் ரைட் கிளிக்கைத் தடுத்திருக்கலாம். படத்தின் ஃபார்மேட் புதிதாக இருக்கலாம். உங்களுக்கு வந்தது சின்ன நகலாக இருக்கலாம். சர்வர் தர மறுக்கலாம். அல்லது படம் சேவ் ஆகியும், எங்கே போனது என்று தெரியாமல் இருக்கலாம். எது நடக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ரைட் கிளிக் வேலை செய்யவில்லையா?

ரைட் கிளிக் செய்ததும் மெனு வராமல் தடுக்க, இணையதளத்தில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் ஓரிரு வரி போதும். ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ரைட் கிளிக் செய்தால், இந்தத் தடையைத் தாண்டி மெனு வந்துவிடும். குரோமில் அந்தத் தளத்துக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டுப் பக்கத்தை ரீலோடு செய்து பார்க்கலாம். சில பக்கங்கள் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் படத்தையே காட்டாது. அங்கே இந்த வழி பலிக்காது.

சில நேரம் மெனு வரும், ஆனால் அதில் ‘சேவ் இமேஜ் ஆஸ்’ என்ற வரி மட்டும் இருக்காது. படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு அடுக்கு விரிக்கப்பட்டிருக்கும், அல்லது படம் பக்கத்தின் பின்னணியாக வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் கிளிக் செய்வது படத்தை அல்ல, அதற்கு மேலே இருப்பதை.

இதற்கும் வழி இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் கன்ட்ரோல் பட்டனோடு ‘ஐ’ அழுத்தினால் ‘பேஜ் இன்ஃபோ’ என்ற ஜன்னல் திறக்கும். அதில் ‘மீடியா’ என்ற பகுதிக்குப் போனால் அந்தப் பக்கத்தில் உள்ள படங்கள் வரிசையாக இருக்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்யலாம். குரோம், எட்ஜ் பிரவுசர்களில் எஃப்12 அழுத்தி, ‘நெட்வொர்க்’ பகுதியில் ‘இமேஜ்’ வகையை மட்டும் தேர்ந்தெடுத்து, பக்கத்தை ரீலோடு செய்தால், வந்து இறங்கும் ஒவ்வொரு படமும் பட்டியலில் தெரியும். பார்க்க மிரட்டலாக இருந்தாலும் இதைப் பார்ப்பதால் எதுவும் கெட்டுப்போகாது.

இன்னொரு சின்னத் தப்பும் அடிக்கடி நடக்கிறது. படமே ஒரு லிங்க்காக இருக்கும் இடத்தில் ‘சேவ் இமேஜ் ஆஸ்’ என்பதற்குப் பதில் ‘சேவ் லிங்க் ஆஸ்’ என்பதை அழுத்திவிடுகிறார்கள். அப்போது பெரும்பாலும் படத்துக்குப் பதிலாக ஒரு இணையப் பக்கமே சேவ் ஆகும். சேவ் ஆன ஃபைலின் பெயர் ‘எச்டிஎம்’ அல்லது ‘எச்டிஎம்எல்’ என்று முடிந்தால், வந்தது படம் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

படம் வந்தது, ஆனால் திறக்கவில்லை

ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்கு வந்த சிக்கல் இது. இணையத்தில் படம் என்றால் பல வருடங்களாக ஜேபிஜி, பிஎன்ஜி, ஜிஃப் ஆகிய மூன்றுதான். ஜேபெக் தரநிலை வந்தது 1992-ல். கூகுள் 2010-ல் வெப்பி என்ற புதிய ஃபார்மேட்டை அறிமுகப்படுத்தியது. அதே தரத்தில் ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் வரை சின்ன ஃபைலாக இருக்கும் என்பது கூகுள் சொல்லும் கணக்கு. ஃபயர்பாக்ஸ் 2019-லும், ஆப்பிளின் சஃபாரி 2020-லும் இதை ஏற்றுக்கொண்டன. அதன் பிறகு இணையதளங்கள் வேகமாக இதற்கு மாறின. இதைவிடப் புதிய ‘ஏவிஐஎஃப்’ என்ற ஃபார்மேட்டும் இப்போது புழக்கத்தில் இருக்கிறது.

பக்கம் சீக்கிரம் திறக்கிறது, டேட்டா மிச்சமாகிறது. அது நல்ல விஷயம்தான். ஆனால் பிரவுசர் கற்றுக்கொண்ட வேகத்தில் மற்ற சாஃப்ட்வேர்கள் கற்றுக்கொள்ளவில்லை. போட்டோஷாப்பிலேயே தனி ப்ளக்-இன் இல்லாமல் வெப்பி படங்களை முழுமையாகக் கையாளும் வசதி 2022-ல்தான் வந்தது. பல வருடங்களுக்கு முந்தைய போட்டோஷாப்பை வைத்து வேலை பார்க்கும் கடையில் அது திறக்காததில் ஆச்சரியம் இல்லை.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. படத்தின் முகவரி ‘ஜேபிஜி’ என்று முடிந்திருக்கும், சேவ் செய்தால் வெப்பி வரும். காரணம் இதுதான்: படத்தைக் கேட்கும்போதே பிரவுசர், "எனக்கு இந்தந்த ஃபார்மேட் எல்லாம் தெரியும்" என்று சர்வரிடம் சொல்லிவிடுகிறது. சர்வர் அதைப் பார்த்து, இருப்பதிலேயே சின்ன ஃபைலாகக் கொடுக்கிறது.

பெயரை மட்டும் ‘ஜேபிஜி’ என்று மாற்றி எழுதினால் போதுமா? போதாது. டப்பாவின் மேல் லேபிளை மாற்றினால் உள்ளே இருக்கும் பருப்பு மாறாது. சில சாஃப்ட்வேர் உள்ளே பார்த்து ஏமாறாமல் திறந்துவிடும். ஆன்லைன் விண்ணப்பத் தளங்கள் பலவும் நிராகரித்துவிடும்.

சரியான வழி எளிது. படத்தை விண்டோஸில் உள்ள ‘பெயின்ட்’ மூலம் திறந்து, ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, ஜேபெக் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய விண்டோஸில் பெயின்ட் திறக்காவிட்டால், ‘ஜிம்ப்’ என்ற இலவச சாஃப்ட்வேரின் இப்போதைய பதிப்பு திறக்கும். மேக் கம்ப்யூட்டரில் ‘ப்ரிவ்யூ’வில் திறந்து ‘எக்ஸ்போர்ட்’ செய்தால் போதும்.

விண்டோஸில் சிலருக்குப் படம் ‘ஜேஃபிஃப்’ (ஜே-எஃப்-ஐ-எஃப்) என்ற வால் பெயரோடு சேவ் ஆகும். இதற்குப் பயப்பட வேண்டாம். உள்ளே இருப்பது ஜேபெக் படமேதான். இங்கே மட்டும் பெயரின் கடைசிப் பகுதியை ‘ஜேபிஜி’ என்று மாற்றினாலே வேலை முடிந்தது. அந்தக் கடைசிப் பகுதி கண்ணில் படாவிட்டால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ மெனுவில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்ய வேண்டும்.

திறந்தது, ஆனால் மங்கலாக இருக்கிறது

இப்போது படம் திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பேனர் அளவுக்குப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. இதுதான் அஞ்சலி பேனர்களில் அதிகம் கண்ணில் படும் குறை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சேவ் செய்த படம் 300 பிக்ஸல் அகலம். பேனரில் அது 3 அடி, அதாவது 36 அங்குலம் அகலத்துக்கு வர வேண்டும். ஒரு அங்குலத்துக்கு 8 பிக்ஸல்தான் கிடைக்கும். அதே படம் 3,000 பிக்ஸல் அகலத்தில் இருந்தால் அங்குலத்துக்கு 83 பிக்ஸல். கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கும் பேனருக்கு அது தாராளம்.

பெரிய படம் எங்கே கிடைக்கும்? இணையதளங்கள் ஒரே படத்தைப் பல அளவுகளில் வைத்திருக்கின்றன. போனுக்குச் சின்னது, கம்ப்யூட்டருக்குப் பெரியது, பட்டியலில் காட்ட இன்னும் சின்னது. அதனால் போனில் சேவ் செய்வதைவிடக் கம்ப்யூட்டரில் சேவ் செய்தால் பெரிய நகல் கிடைக்க வாய்ப்பு அதிகம். படத்தின் மேல் கிளிக் செய்தால் பெரிதாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு சேவ் செய்வது நல்லது.

வேர்ட்பிரஸ் மூலம் நடத்தப்படும் தளங்களில் இன்னொரு வழி உண்டு. படத்தைப் புதிய டேபில் திறந்து அதன் முகவரியைப் பார்த்தால், பெயரின் கடைசியில் ஒரு சிறு கோடும், அகலம் உயரத்தைக் குறிக்கும் 300, 225 போன்ற இரண்டு எண்களும் இருக்கும். அந்தக் கோட்டையும் எண்களையும், நடுவில் உள்ள எழுத்தையும் அழித்துவிட்டு என்டர் தட்டினால், பெரும்பாலும் முழு அளவுப் படம் வந்து நிற்கும்.

கூகுள் இமேஜ் தேடலில் முடிவுகளாக வரிசைகட்டி நிற்பவை எல்லாம் சின்ன மாதிரிப் படங்கள். அங்கேயே சேவ் செய்தால் அந்தச் சின்னதுதான் வரும். முன்பெல்லாம் ‘வியூ இமேஜ்’ என்ற பட்டன் நேராகப் பெரிய படத்துக்குக் கூட்டிப்போகும். 2018-ல் கூகுள் அதை நீக்கிவிட்டது. இப்போது அந்தப் படம் இருக்கும் பக்கத்துக்கே போய்த்தான் எடுக்க வேண்டும். பக்கத்திலும் அவசரப்படக் கூடாது. பல தளங்கள் நீங்கள் கீழே நகர்ந்து வரும்போதுதான் படத்தை இறக்கத் தொடங்கும். அதுவரை ஒரு மங்கலான மாதிரி நிற்கும். படம் தெளிவாகும் வரை காத்திருந்து சேவ் செய்ய வேண்டும்.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் என்ன? போனில் பார்க்க, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்க அது போதும். ஆனால் திரையில் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுதான் ஸ்க்ரீன்ஷாட்டில் இருக்கும். அதற்கு மேல் ஒரு பிக்ஸல்கூடக் கிடைக்காது.

சின்னப் படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கும் செயலிகளும் வந்துவிட்டன. மலை, கட்டடம் என்றால் சரி. முகத்தில் கவனம் தேவை. இல்லாத விவரத்தை அந்தச் செயலி ஊகித்துத்தான் நிரப்புகிறது. கண்ணின் ஓரச் சுருக்கம், பல் வரிசை எல்லாம் அதன் கற்பனையாக இருக்கலாம். பேனரில் பெரியப்பாவுக்குப் பதில் பெரியப்பா சாயலில் வேறொருவர் சிரித்துக்கொண்டிருப்பார். வீட்டில் உள்ளவர்களுக்கு அது பார்த்ததுமே தெரிந்துவிடும்.

டவுன்லோடு ‘ஃபெயில்ட்’ என்று வருகிறதா?

‘ஃபர்பிடன்’ என்று வந்தால் சர்வர் தர மறுக்கிறது என்று பொருள். படத்தின் லிங்க்கை மட்டும் காப்பி செய்து தனியாகத் திறந்தால், சில தளங்கள் இப்படித் தடுத்துவிடும். படம் இருக்கும் பக்கத்திலிருந்தே சேவ் செய்து பாருங்கள். லாகின் செய்து பார்க்கும் தளமாக இருந்தால், நீண்ட நேரம் திறந்தே கிடந்த பக்கத்தின் அனுமதி காலாவதி ஆகியிருக்கலாம். ரீலோடு செய்து, மறுபடி லாகின் செய்தால் சரியாகிவிடும்.

‘நோ ஃபைல்’ என்று வந்தால், பெரும்பாலும் அந்த இடத்தில் படம் இப்போது இல்லை. எந்தத் தளத்திலும் எந்தப் படமும் சேவ் ஆகவில்லை என்றால் உங்கள் பக்கம் பார்க்க வேண்டும். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா? சேவ் செய்யும் ஃபோல்டர் இன்னும் இருக்கிறதா, அல்லது பென்டிரைவைக் கழற்றிவிட்டீர்களா? ‘இன்காக்னிட்டோ’ ஜன்னலில் முயற்சி செய்யுங்கள். அங்கே சேவ் ஆனால், பிரவுசரில் போட்டிருக்கும் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன்தான் குறுக்கே நிற்கிறது.

சேவ் ஆனது, எங்கே போனது?

ஆண்ட்ராய்டு போனில் குரோம் வழியாக இறக்கும் படம் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டருக்குப் போகும். கேலரியைத் திறந்ததும் முதலில் தெரிவது கேமரா படங்கள் என்பதால், "சேவ் ஆகல" என்று நினைத்து நாலு முறை இறக்கிவிடுகிறார்கள். கேலரியில் ‘டவுன்லோடு’ என்ற ஆல்பத்தைப் பாருங்கள்.

ஐபோனில் சஃபாரியில் படத்தை அழுத்திப் பிடித்து, போட்டோஸில் சேர்க்கும் வரியைத் தட்டினால் அங்கே வந்துவிடும். வேறு பிரவுசரில் சேவ் ஆகாவிட்டால், செட்டிங்ஸில் ‘பிரைவசி’ பகுதியில் அந்தச் செயலிக்கு போட்டோஸ் அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எப்போதோ ஒருமுறை ‘அனுமதிக்க வேண்டாம்’ என்று தட்டியது மறந்தே போயிருக்கும்.

இன்னொன்று, சமூக வலைதளச் செயலிக்குள் வந்த லிங்க்கைத் தட்டினால், பல நேரம் அந்தச் செயலிக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசர் திறக்கும். அதில் அழுத்திப் பிடித்தாலும் மெனு வராமல் போகலாம். மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, வெளி பிரவுசரில் திறந்துகொண்டு முயற்சி செய்யுங்கள்.

சுலப வழி என்ற பெயரில் வரும் ஆபத்து

‘எந்தப் படத்தையும் ஒரே கிளிக்கில் இறக்கலாம்’ என்று சொல்லும் எக்ஸ்டென்ஷன்கள் ஏராளம். அவற்றில் பலவும், நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களின் தகவலையும் படிக்க, மாற்ற அனுமதி கேட்கும். அந்த எல்லாத் தளங்களில் உங்கள் பேங்க் கணக்கும் அடக்கம். ஒரு படத்துக்காக அவ்வளவு பெரிய சாவியைக் கொடுக்க வேண்டுமா என்று யோசிக்க வேண்டும்.

ஃபார்மேட் மாற்றித் தரும் தளங்களிலும் இதே கவனம் தேவை. பூவோ கோபுரமோ என்றால் பரவாயில்லை. கையெழுத்து, ஆதார், மார்க் ஷீட், குழந்தைகளின் படம் ஆகியவற்றை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றுவதைவிட, கம்ப்யூட்டரில் இருக்கும் பெயின்ட் எவ்வளவோ பாதுகாப்பானது.

சேவ் ஆகிவிட்டால் நம்முடையதா?

இல்லை. இந்தியாவில் 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, ஒரு போட்டோவின் உரிமை அதை எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் நீடிக்கும். சொந்த உபயோகம், ஆராய்ச்சி போன்றவற்றுக்கு நியாயமான அளவில் பயன்படுத்த அதே சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது. விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ எடுத்துப் போடுவது வேறு கதை. படத்தில் இருப்பவர் உறவினர் என்பதால் மட்டும் படத்தின் உரிமை குடும்பத்துக்கு வந்துவிடாது.

இது படத்தை வெளியிடுபவர்களுக்குத் தெரிந்த நியாயம்தான். அதனால்தான் ரைட் கிளிக்கைத் தடுக்கிறார்கள். ஆனால் அந்தத் தடை யாரைத் தடுக்கிறது? படம் ஏற்கெனவே பார்ப்பவரின் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. திருட நினைப்பவருக்கு எஃப்12 தெரியும். தெரியாமல் திண்டாடுவது அவசரத்துக்குப் படம் தேடி வந்தவரும், ப்ரொஜெக்டரில் காட்ட நினைத்த ஆசிரியரும்தான். பூட்டு என்ற பெயரில் இங்கே தொங்குவது வெறும் திரைச்சீலை.

கொடுக்க வேண்டாம் என்றால் அதற்கு நேர்மையான வழி இருக்கிறது. சின்ன அளவில் வாட்டர்மார்க்கோடு போட்டுவிட்டு, ‘ஒரிஜினல் வேண்டுமென்றால் இந்த எண்ணில் கேளுங்கள்’ என்று எழுதிவிடலாம். கொடுக்கலாம் என்றால் ஒரு டவுன்லோடு பட்டன் வைக்கலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-ல், காப்புரிமை முடிந்த கலைப்பொருட்களின் 3,75,000-க்கும் மேற்பட்ட படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அங்கே இருக்கும் சோழர் காலப் பார்வதி வெண்கலச் சிலையின் பக்கத்துக்குப் போனால், டவுன்லோடு பட்டன் கண்ணெதிரே இருக்கிறது. விக்கிமீடியா காமன்ஸிலும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே அதன் உரிம விவரமும் முழு அளவு ஃபைலும் இருக்கும்.

நம் ஊர்ப் பள்ளிகளும் கல்லூரிகளும் சங்கங்களும் விழாப் படங்களைத் தளத்தில் போடுவதே எல்லோரும் பார்க்க வேண்டும் என்றுதானே? அங்கே பூட்டுக்கு என்ன வேலை? முழு அளவு ஜேபெக் படத்துக்கு ஒரு லிங்க் கொடுப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. விண்ணப்பத் தளங்களை நடத்துபவர்களுக்கும் இது பொருந்தும். பிரவுசர்களே வெப்பி படத்தைக் கையில் கொடுக்கும் காலத்தில் ‘ஜேபிஜி மட்டும்’ என்று விரட்டாமல், வாங்கிக்கொண்டு சர்வரிலேயே மாற்றிக்கொள்ளலாம். அந்த வேலையை விண்ணப்பதாரர் தலையில் கட்டுவதால்தான் பிரவுசிங் சென்டர் வாசலில் கூட்டம் நிற்கிறது.

அந்த ஃப்ளெக்ஸ் கடைக்குத் திரும்புவோம். மேலே சொன்ன வழிகள் ஒவ்வொன்றாகப் பார்த்தும் படம் சின்னதாகவே இருந்தால், செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தப் பள்ளியில் தெரிந்த ஆசிரியர் ஒருவருக்கு போன் போட வேண்டும். தளத்தில் இருப்பது சுருக்கப்பட்ட நகல். ஒரிஜினல் பள்ளி கம்ப்யூட்டரிலோ, விழாவுக்குப் படம் எடுத்தவரின் ஹார்ட் டிஸ்க்கிலோ இருக்க வாய்ப்பு உண்டு. கிடைத்தால், வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் மறுபடியும் சுருங்கிவிடும்.

அப்படியே வீட்டுக்குப் போனதும் இன்னொரு வேலையும் செய்யலாம். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி ஒவ்வொருவரையும் நல்ல வெளிச்சத்தில் தனியாக ஒரு படம் எடுத்து, சுருக்காமல் ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே அந்தப் படத்தை பிரேம் போட்டு ஹாலில் மாட்டலாம்.